“மாத்திரை போட்டியா?” என்று கேட்காதீர்கள்!

“அம்மா, மாத்திரை போட்டியா?”

“போட்டுட்டேன்டா.”

தினமும் காலை 8 மணிக்கு நான் டெலிபோனில் கேட்ட கேள்வி இது. அம்மா சொன்ன பதிலும் தினமும் இதுதான்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மா ஆற்காட்டில் இருக்கிறார். நடுவில் 100 கிலோ மீட்டருக்கு மேல் தூரம். தினமும் கேட்டுவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்தக் கேள்விதான் ஒரு நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது!

கேள்வி எப்படி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்? சொல்கிறேன், கேளுங்கள்.

டப்பாவில் கிடந்த மிச்சம்

அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை வியாதி உண்டு. ரத்தக் கொதிப்பும் உண்டு. சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பு போட வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரை காலையில் மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். மாதக் கணக்குப்படி அது காலியாகி இருக்க வேண்டும். உள்ளே 11 மாத்திரைகள் மிச்சம் இருந்தன.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தினமும் போட்டேன் போட்டேன் என்று பொய் சொன்னாயா?” என்று கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, வழக்கம்போல் டெலிபோன் செய்தேன். வழக்கம்போல் கேட்டேன். “போட்டுட்டேன்” என்றார்.

போனை வைத்த பிறகு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “உண்மையிலேயே போட்டோமா? நேற்றுப் போட்டதை இன்று போட்டதாக நினைக்கிறோமா?” போடாமல் இருந்து, பிள்ளை வந்து டப்பாவை எண்ணினால்? மறுபடியும் திட்டு விழுமே!

இன்னொரு முறை மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் முதலிலேயே அவர் போட்டுத்தான் இருந்தார். இப்போது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதோடு பலகாரம் சாப்பிடாமல் ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த அக்கா மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டார்: “ஏம்மா ரெண்டு தடவை போட்டீங்க?”

அம்மா சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

“போடலேன்னு தெரிஞ்சா பையன் திட்டுவான் சார்.”

அம்மாவுக்கு ஞாபகம் இல்லையா?

“வயதாகிவிட்டது. ஞாபகம் போய்விட்டது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று இரவு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து யோசித்தபோது வேறு ஒன்று புரிந்தது.

என் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, ராணிப்பேட்டைக்குச் சைக்கிளில் போவார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கடிகாரம் பார்க்கும் வழக்கம் கிடையாது. தொழிற்சாலையின் சங்கு ஊதும். முதல் சங்கு ஊதும்போது உலையில் அரிசி வேகும். அப்பா சைக்கிளை எடுக்கும்போது சாப்பாட்டு அடுக்கு தயாராகத் தொங்கும்.

30 வருடம்! ஒரு நாள் கூட அம்மா அதை மறந்தது இல்லை.

அதே அம்மாதான் இப்போது மாத்திரையை மறக்கிறார். என்ன மாறிவிட்டது? அப்பா காலமாகிவிட்டார். நான் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. இந்த நேரத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் சங்கு இல்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவருக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டன.

வயது ஏற ஏற ஞாபகம் சற்று மங்குவது உண்மைதான். ஆனால் அம்மாவிடம் அதைவிட அதிகமாகக் குறைந்தது, ஞாபகத்தைக் கட்டி வைக்கும் கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டிக் கொடுப்பது யார் வேலை? பிள்ளைகளின் வேலை.

சென்னையில் நடந்த சோதனை

மாத்திரையை மறப்பது கிழவர்களின் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது நம்முடைய சென்னைதான்.

1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அதற்குத் தலைமை வகித்தார்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும். ஏழைகள் என்ன செய்வார்கள்? வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணம் ஆகாதா? இதைக் கண்டுபிடிக்க 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரி. இன்னொரு பிரிவுக்கு வீடு. ஒரு வருடம் வைத்தியம் நடந்தது.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் போலவே குணம் அடைந்திருந்தார்கள்! உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய சோதனை அது.

ஆனால் அந்த டாக்டர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது. நோயாளி அதை விழுங்கினாரா என்பது வேறு விஷயம். “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டு வரும் பதிலை அவர்கள் நம்பி இருக்கவில்லை. சொல்லாமல் திடீரென்று வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் இருந்தார்கள்.

அவர்கள் எல்லாம் கிழவர்களா? இல்லை. வாலிபர்களும் உண்டு. உயிர் போகும் நோய் என்று தெரிந்தவர்கள். அப்படியும் தவறவிட்டார்கள்.

டாக்டர்கள் அவர்களைத் திட்டவில்லை. முறையை மாற்றினார்கள். நோயாளி கண்ணெதிரே மாத்திரையை விழுங்கட்டும் என்று ஏற்பாடு செய்து, 1960-க்குப் பிந்திய வருடங்களில் சென்னையிலேயே சோதித்தார்கள். பிற்காலத்தில் பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின.

2003-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளில்கூட, நீண்ட காலம் மருந்து சாப்பிட வேண்டியவர்களில் சுமார் பாதிப் பேர்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று அது சொல்கிறது.

ஆகவே, மாத்திரையை மறப்பது மனித சுபாவம். அதற்காகப் பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயம் அல்ல.

கேள்வி வேண்டாம், ஏற்பாடு வேண்டும்

என் கருத்து இதுதான்: பெற்றோரிடம் “மாத்திரை போட்டீர்களா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். கேட்காமலே தெரிந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

அந்தக் கேள்விக்கு “போட்டேன்” என்ற ஒரே பதில்தான் வரும். மறந்தவரும் அதைத்தான் சொல்வார். பயந்தவரும் அதைத்தான் சொல்வார். சந்தேகத்தில் இருப்பவரும் அதைத்தான் சொல்வார். பதிலால் பயன் இல்லை. பெற்றோருக்குப் பயம்தான் மிச்சம்.

என்ன ஏற்பாடு? எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை.

மருந்துக் கடையில் மாத்திரைப் பெட்டி விற்கிறார்கள். ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி அறை இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, காலை அறையில் சூரியன் படமும் இரவு அறையில் நிலாப் படமும் நாமே ஒட்டிவிடலாம். வாரம் ஒரு முறை பெட்டியை நிரப்ப வேண்டும். அறை காலியாக இருந்தால் மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரண்டு முறை போடும் ஆபத்தும் குறைகிறது.

நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொழுநோய் நிலையம் ஏற்பட்டது. தொழுநோய்க்கு 1982-ல் புதிய கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. அந்த மருந்து 28 நாளுக்கு ஓர் அட்டையாக வரும். மாதத்தின் முதல் மருந்தை ஊழியரின் எதிரிலேயே விழுங்க வேண்டும். மற்றவற்றை நாளுக்கு ஒன்றாக வீட்டில் சாப்பிட வேண்டும். அட்டையைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். அதே யுக்திதான் இந்தப் பெட்டியிலும் இருக்கிறது.

பெட்டியை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் மறந்துவிடும். அம்மா தினமும் தவறாமல் கை வைக்கும் இடம் எது என்று பாருங்கள். என் அம்மாவுக்கு அது காப்பித்தூள் டப்பா. பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்தோம். சில வீடுகளில் அது சாமி விளக்காக இருக்கும். அப்பாவாக இருந்தால் மூக்குக் கண்ணாடிக் கூடாக இருக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும், அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சுவரில் தினத்தாள் காலண்டர் தொங்குகிறது அல்லவா? காலை மாத்திரை போட்டதும் தாளின் மூலையை மடிக்க வேண்டும். இரவு மாத்திரை போட்டதும் தாளைக் கிழிக்க வேண்டும். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. தேதியும் நினைவில் நிற்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா மாலையில் பேச வரும்போது பெட்டியை ஒரு பார்வை பார்க்கிறார். ஏதாவது அறை மிச்சம் இருந்தால் எனக்குச் சொல்கிறார்.

இப்போதும் நான் காலை 8 மணிக்கு டெலிபோன் செய்கிறேன். “என்ன சமையல்?” என்று கேட்கிறேன். “பெட்டி பக்கம் போய்ட்டு வந்துட்டேன்டா” என்று அம்மாவே சொல்கிறார்!

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

எல்லாரும் மறதியால்தான் மாத்திரையை விடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். வேண்டும் என்றே விடுகிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கும். பொறுமையாக விசாரித்தால் வெளியே வரும்.

“எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?” என்பார்கள். ரத்தக் கொதிப்புக்குப் பெரும்பாலும் வலி கிடையாது. அது சத்தம் இல்லாமல் இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வரும். இதை அன்பாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளால் அடிக்கடி சிறுநீர் போகும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ பஸ்ஸில் போகிற நாளில், வயதான பெண்கள் அதைப் போடாமல் விட்டுவிடுவார்கள். வழியில் எங்கே இறங்குவது? பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். வேறு சில மாத்திரைகளால் கால் வீங்கும். “ஒத்துக்கொள்ளவில்லை” என்று தாமே நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் நேரத்தை மாற்றுவார், அல்லது மருந்தை மாற்றுவார்.

பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் தாய்மாரும் இருக்கிறார்கள்! இவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கிடைக்கும். 5-8-2021 அன்று தமிழக அரசு “மக்களைத் தேடி மருத்துவம்” என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருந்தின் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். “சிவப்பு எங்கே?” என்று தேடுவார்கள். நிறம் மாறிய அன்றே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். “இவ்வளவும் வேண்டுமா? எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? ஒரே நேரத்தில் போட முடியுமா? ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது?” என்று கேளுங்கள். மறந்ததற்கு ஈடாக மறுவேளை இரண்டாகப் போடுவது ஆபத்து. சில மாத்திரைகளை உறையை விட்டு எடுத்து வைக்கக் கூடாது. பெட்டியில் போடுவதற்கு முன் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் ரம்ஜான் நோன்பு இருக்கும் பெரியவர்கள் ஏராளம். நோன்பு மாதம் பிறப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சஹர் நேரத்தில் எது, நோன்பு திறக்கும்போது எது, எவ்வளவு என்று அவர் சொல்வார். அவரைக் கேட்காமல் நாமே மாற்றக் கூடாது.

மாத்திரையோடு வேறு பலவும் மறந்துபோகிறதா? அடுப்பை அணைக்க மறக்கிறாரா? தெரிந்த தெருவிலேயே வழி தவறுகிறாரா? அப்படியானால் அது வெறும் மறதி இல்லாமல் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். அவர்களிடம் பெட்டியைக் கொடுத்தால் போதாது. ஒருவர் பக்கத்தில் இருந்து, கையில் கொடுத்து, விழுங்கியதைப் பார்க்க வேண்டும்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு

“வேலைக்கு ஓடுகிற வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். காலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். மாமியாரின் மாத்திரையையும் அந்த மருமகளின் தலையிலேயே கட்டுவது சரி அல்ல.

பெட்டி நிரப்ப வாரத்துக்குக் கால் மணி நேரம் போதும். அதை மகன் செய்யட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன், பேத்தி பாட்டியோடு உட்கார்ந்து எண்ணிப் போடட்டும். பெரியவர் ஒருவர் கடைசியில் சரிபார்த்தால் போதும். பாட்டிக்கும் பேச்சுத் துணை.

“இது பெரியவர்களைக் குழந்தை ஆக்குவது போல் இல்லையா?” என்று இன்னும் சிலர் கேட்பார்கள். தினமும் விசாரணை நடத்துவதுதான் அவர்களைக் குழந்தை ஆக்குகிறது. நல்ல ஏற்பாடு அவர்களுடைய மரியாதையைக் காப்பாற்றுகிறது. என் அம்மா இப்போது யாருக்கும் பயந்து பதில் சொல்ல வேண்டியது இல்லை. தன் வேலையைத் தானே செய்கிறார்.

வேலூர் பக்கத்தில் வைத்தியத்துக்குக் குறைவு இல்லை. வெளிமாநிலத்தில் இருந்தெல்லாம் ரெயில் ஏறி வந்து நம் ஊர் டாக்டர்களைப் பார்க்கிறார்கள். ஆனால் எவ்வளவு பெரிய டாக்டர் எழுதிய மாத்திரையும் டப்பாவில் கிடந்தால் வேலை செய்யாது. வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெட்டி நிரப்பும் நாள். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்து வாருங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணி வையுங்கள்.

நமக்குச் சாப்பாட்டு அடுக்கு கட்டிக் கொடுத்த கை அது. அதற்கு வாரம் கால் மணி நேரம் கொடுக்கக் கூடாதா?